பீப்பாய் வளர்த்த கலை

எண்ணெய் தீர்ந்த பீப்பாயை நாம் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய பீப்பாய்களைக் கொண்டே கரீபியக் கடலின் ஹைத்தி நாட்டில் ஓர் ஊர் வாழ்வும் புகழும் எய்திய வரலாற்றை இங்குக் காண்போம்.

தலைநகர் போர்ட் ஓ பிரின்சுக்கு அருகே உள்ளது க்ருவா தே பூக்கே. 1899இல் பிறந்த ஜார்ஜ் லியோத்தோ அவ்வூர்க் கொல்லர்; கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவைகள் செய்து கொடுத்தவர். 1944இல் தலைநகரில் கலை நிலையம் நிறுவிய டிவிட் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்கர், 1953இல் அவற்றைக் கண்டு வியந்து, செய்தவரைத் தேடி வந்தார். அவரது ஊக்கத்தால் கொல்லர் சிற்பியானார்.

பீப்பாயின் இருபுற மூடிகளையும் வெட்டியெடுத்து, உள்ளே வைக்கோலிட்டுக் கொளுத்துவர். எண்ணெய்ப் பிசுக்கும் வண்ணமும் எரிந்துபோகும். பின்னர் அதைப் பிளந்து, தட்டித் தகடாக்கி, சுண்ணக்கட்டியால் உருவம் வரைவர். உளியும் சுத்தியலும் அத்தகட்டை மீனாகவும் பறவையாகவும் மரமாகவும் மாற்றிவிடும்.

லியோத்தோ தம் வித்தையை ஒளித்து வைக்கவில்லை. லூயி ஜூஸ்த் சகோதரர்கள் அவரிடம் கற்றனர். அவர்களிடம் பிறர் கற்றனர். நோவாய் என்னும் பகுதியே பட்டறைகளால் நிறைந்து, பல குடும்பங்கள் அக்கலையால் உண்டன.

அண்மை ஆண்டுகளிலோ, ஆயுதக் கும்பல்களுக்கு அஞ்சிக் கலைஞர் பலர் அவ்விடம் விட்டு அகன்றனர். பீப்பாய் எங்கும் கிடைக்கும். உஸ்தாதின் அருகே அமர்ந்து கற்கும் பட்டறை எங்கும் கிடைக்குமா? கற்பிப்பவரும் கற்பவரும் அச்சமின்றி ஓரிடத்தில் அமர்ந்தால்தான் கலை வாழும் என்பதே இவ்வூர் நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.