துபாஷியின் நாக்கு

தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டி பாங்குக்குப் போகிறேன். ஒரு பக்கம் கோபுரம், எதிரே மலைக்கோட்டை. 1754ல் கோபுரத்தின் பக்கம் மைசூர்ப் படை. கோட்டைப் பக்கம் மேஜர் லாரன்ஸின் கம்பெனிப் படை. திருச்சியைத் தருவதாக மைசூருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நவாப் முகமது அலி கைவிரித்ததால் வந்த சண்டை.

லாரன்ஸுக்கு இந்த ஊர்ப் பாஷை தெரியாது. வருகிற ஒற்றன் என்ன சொல்கிறான், பிடிபட்ட கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதற்கெல்லாம் துபாஷியின் வாயைத்தான் பார்க்க வேண்டும். ராபர்ட் ஆர்மின் சரித்திரத்தில் அந்த துபாஷியின் பெயர் போனியாப்பா. நம் வாயில் பொன்னப்பாவாக இருந்திருக்கலாம். பெயரைக்கூட யாரும் திருப்பி மொழிபெயர்க்கவில்லை. இவர் மைசூர் சர்வாதிகாரி நஞ்சராஜனோடு ரகசியமாகச் சேர்ந்துகொண்டார். கோட்டைக்கு அரிசி வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தவன் சிப்பாய்த் தலைவன் யூசுப்கான். அவனைத் தொலைத்தால் ஊர் பட்டினியில் விழும். கோட்டையைக் காட்டிக்கொடுக்க யூசுப்கான் சம்மதித்தது போல ஒரு பொய்க் கடிதம் தயாராயிற்று. விசாரணையில் குட்டு உடைந்தது. பொன்னப்பாவைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். (தப்பிய யூசுப்கானை, பத்து வருஷம் கழித்து 1764ல், அதே ஆங்கிலேயர் துணையோடு நவாப் முகமது அலி மதுரையில் தூக்கிலிட்டார்.)

துரோகம் என்று ஒரு வார்த்தையில் இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஒரு கோட்டை முழுவதும் ஒரே ஒருவன் நாக்கில் தொங்கியது யார் குற்றம்? கிளைவும் கடைசிவரை நம் பாஷை எதிலும் தேறியவரில்லை. புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவைத்தார். துரை பேசியது இன்று நமக்குத் தமிழாகவே கேட்கிறது. பொன்னப்பா ஒரு வரியும் விட்டுப்போகவில்லை. அவர் தரப்பு என்று இருப்பது ஆர்மின் இங்கிலீஷ் மட்டுமே.

1812ல்தான் சென்னையில் கல்லூரி வைத்து உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்தார்கள். அதை முன்னின்று நடத்திய எல்லிஸ் குறளையும் மொழிபெயர்த்தார். ஆளுவதற்காகக் கற்ற பாஷை, ஆளுவதோடு நிற்காமல் போய்விட்டது. அபூர்வமாக அப்படியும் நடக்கிறது.

நாம் மட்டும் என்ன? நான் படித்தது பி.ஏ. இங்கிலீஷ். பிரெஞ்சுக் கவிதை பற்றி இந்தப் பக்கங்களில் நான் தீர்ப்புச் சொல்வதெல்லாம் இங்கிலீஷ்காரன் வாயைப் பார்த்துத்தான்.

போன வாரம் கவுன்ட்டரில் திருவானைக்காவல் கிழவி ஒருத்தி நகைக்கடன் பாரத்தை நீட்டி, "என்ன போட்டிருக்கு சாமி?" என்றாள். இங்கிலீஷில் இரண்டு பக்கம், பொடி எழுத்து. வரிசை நீளமாக இருந்தது. இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.