களஞ்சியமும் கல்யாண மகாலும்

2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதில் நம் செஞ்சியும் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். அதன்பிறகு வருகிறவர்கள் எல்லாம் ராஜகிரி ஏறி இறங்கிவிட்டுப் பஸ் பிடிக்கிறார்கள். அடிவாரத்துக் களஞ்சியத்தை நின்று பார்ப்பவர் குறைவு. நானும் அப்படித்தான் இருந்தேன். என்னை அங்கே நிறுத்தியது என் வீட்டுச் சுவர்.

மாடி அறைக்கு ஏ.சி. வைத்தபோது, குளிர் வெளியே போகக் கூடாதென்று வென்டிலேட்டர்களை அடைத்துப் பூசினோம். மேற்கு வெயிலுக்காகச் சுவரின் உட்புறம் தெர்மாகோல் ஒட்டிப் பலகை அடித்தோம். கோடையில் சுகமாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. பேத்திக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு. "அறைக்குள் காற்று வருகிறதா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

அந்த வாரம் கோட்டைக்குப் போனேன். களஞ்சியத்தின் சுவர் அத்தனை தடிமன். மேலே வளைவுக் கூரை. திறப்புகள் மிகக் குறைவு. பகல் வெயில் அந்தச் சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முற்றுகைக் காலத்தில் கோட்டையின் உயிரே தானியத்தில்தான். 1690 முதல் 1698 வரை சுல்பிகர் கானின் மொகலாயப் படை சூழ்ந்திருந்தபோது, ராஜாராம் இங்கிருந்துதான் தாக்குப்பிடித்தார். நெல்லைக் காய வைத்துத்தான் உள்ளே கொட்டுவார்கள். அதற்கு வெளி ஈரம் படாமல் இருந்தால் போதும்.

பக்கத்திலேயே கல்யாண மகால். நடுவில் அடுக்கடுக்காய் எழும் கோபுரம், ஒவ்வொரு அடுக்கிலும் வளைவுத் திறப்புகள், சுற்றிலும் அறைகள், இடையில் திறந்த முற்றம். கிருஷ்ணகிரி உச்சியில் உள்ள குவிமாட மண்டபமும் அப்படியே. நான்கு புறமும் காற்று வரும். தடித்த சுவர் கட்டத் தெரியாதவர்களா அவர்கள்? நெல்லுக்கு ஒரு கட்டடம், மனிதனுக்கு ஒரு கட்டடம் என்று பிரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

மனிதன் மூச்சிலும் வேர்வையிலும் ஈரம் விட்டுக்கொண்டே இருப்பவன். சமையல், குளியல், உள்ளே உலர்த்தும் துணி எல்லாம் அதோடு சேரும். போக வழியில்லாத ஈரம், குளிர்ந்த சுவராகப் பார்த்துப் படியும். அங்கேதான் பூசணம் வேர் விடும். நம் பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டு இடுக்கும் நடுமுற்றமும் அந்த ஈரத்தைச் சத்தமில்லாமல் வெளியேற்றின. நான் களஞ்சியம் கட்டி, அதில் பிள்ளையைத் தூங்க வைத்திருக்கிறேன்!

கொத்தனாரைக் கூப்பிட்டு எதிரெதிராக இரண்டு வென்டிலேட்டர்களைத் திறந்தேன். பலகையைக் கழற்றிச் சுவரைக் காயவிட்டு, பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்தேன். வெயிலைத் தடுக்க மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். கரண்டு பில் கொஞ்சம் கூடியிருக்கிறது. பேத்தி தூங்குகிறாள்.