சிட்டையில் எழுதாத கூலி: ஒற்றை லாரிக்காரர்களின் வரலாறு

வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நாமக்கல் மலைக்கோட்டையைப் பற்றியோ, 1888இல் மோகனூரில் பிறந்த நம் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையைப் பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவற்றை எழுத வல்லார் நம்மிடையே பலர் உள்ளனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் லாரி. அதற்குக் காரணம் நம் கூட்டம் ஒன்றில் எழுந்த சிறு பூசல்.

அன்று இளங்கவிஞர் ஒருவர், சொந்த லாரியைத் தானே ஓட்டிச் செல்பவரைத் தடையறியாப் பறவை என்று பாடினார். அவை கைதட்டியது. பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர், நாற்பது ஆண்டுகள் ஸ்டியரிங் பிடித்தவர், மெல்ல எழுந்து, "ஏனுங் தம்பி, அந்தப் பறவைக்கு எத்தனை ஸ்டேட்டுக்குப் பர்மிட்டு இருக்குதுங்?" என்று கேட்டார். அவை சிரித்தது, கவிஞர் முகம் வாடினார். இருவர் மீதும் எனக்கு அன்பு உண்டு. ஆயினும் என் தந்தையாரும் ஒற்றை லாரிக்காரராய் வாழ்ந்தவர் ஆதலின், வழக்கில் நான் முதியவர் பக்கம். அவருடைய கேள்விக்குச் சற்று விரிவாக விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய வட்டங்கள் பெரும்பாலும் மானாவாரி நிலங்கள். காவிரி ஓரத்து ஊர்களை நீக்கிப் பார்த்தால், மழையையும் ஆழக் கிணற்றையும் நம்பிய சோளக்காடும் கடலைக்காடுமே மிச்சம். இரண்டு ஆண்டுகள் வானம் பொய்த்தால் ஏரைக் கட்டி வைத்துவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும். அந்த வேறு வழிகளுள் ஒன்று மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றுவது. அதன் வழித்தோன்றலே லாரி என்பது என் துணிபு. திருச்செங்கோட்டார் இன்னும் ஒரு படி மேலே போயினர். தம் காட்டில் நீர் காணாத மக்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு நாடெங்கும் போய்ப் பிறர் நிலத்தில் நீர் கண்டு கொடுத்தார்கள். இதை யாரேனும் ஒரு கவிஞர் பாடியிருக்க வேண்டும். இதுவரை நான் கேட்டதில்லை.

லாரியின் வரலாற்றை இரயிலிலிருந்து தொடங்குவதே முறை. 1933இல் வெளிவந்த மிட்செல்–கிர்க்னெஸ் அறிக்கை, சாலையில் ஓடும் மோட்டார் வண்டிகளால் இரயில்வேயின் வருவாய் குறைவதைக் கணக்கிட்டுக் காட்டியது. அக்கவலையின் பயனாய் வந்தவற்றுள் தலையாயது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பணம் இருந்தால் வண்டி வாங்கலாம். ஆனால் வண்டி ஓட அரசின் பர்மிட் வேண்டும். ஒரு வட்டாரத்து அதிகாரி கொடுத்த பர்மிட், அடுத்த வட்டாரத்து அதிகாரி மேலொப்பம் இட்டாலன்றி அங்குச் செல்லாது. போர்க்காலத்தில் பெட்ரோல் பங்கீடு வந்து, கரி எரித்து அதன் வாயுவில் வண்டி ஓட்டிய கதைகளை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தன. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனத்தார் ஜெர்மானியக் கூட்டுறவில் பென்ஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கினர். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. டாடாவின் ஜெர்மானிய உறவு 1969இல் முடிந்து நட்சத்திரச் சின்னம் மறைந்த பின்னும், எங்கள் ஊரில் அந்த லாரிக்கு நெடுங்காலம் பென்ஸ் என்றே பெயர்.

தொழிற்சாலையிலிருந்து வந்தது வெறும் சேஸ். எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டுமே உள்ள அந்த எலும்புக்கூட்டின் மீது ஒரு பெட்டியைக் கட்டி உட்கார்ந்து, முகத்தை மறைத்துத் துண்டு சுற்றிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வருவார்கள். நாமக்கல் பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் வர்ணம் தீட்டுவோரும் அதற்கு உடல் கொடுத்தனர். வாரணாசியிலிருந்து குமரி வரை ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர் நீண்டு கிடந்த ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே சென்றது பட்டறைகளுக்கு வாய்ப்பாயிற்று. அச்சாலைக்கு 2010இல் எண் மாற்றம் வந்து இன்று 44 என்கிறார்கள். முதியவர்கள் வாயில் அது இன்னும் ஏழுதான்.

என் தந்தையார் 1971இல் இரண்டு ஏக்கர் காட்டை விற்றும் அம்மாவின் நகையைக் கொடுத்தும் ஒரு பழைய பென்ஸை வாங்கினார். மீதிப் பணம் தவணைக் கொள்முதலில் வந்தது. இம்முறையை அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கடன் கொடுத்தவரே தவணை தீரும்வரை வண்டிக்கு உடையவர். ஓட்டுபவர் அதை வாடகைக்கு வைத்திருப்பவர் போல. பதிவுப் புத்தகத்தில் வாங்கியவர் பெயர் இருக்கும். கூடவே பைனான்ஸின் பெயரும் இருக்கும். இரண்டு தவணை தவறினால் நடுவழியில் வண்டியை மறித்துச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். ஒரு முறை எங்கள் வண்டியையும் பிடித்தார்கள். தந்தையார் தார்ப்பாயையும் துணிப்பையையும் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் வீடு வந்து சேர்ந்த அந்த மாலையை நான் மறக்கவில்லை. முதலாளி என்ற சொல்லுக்கு அன்று அகராதியில் இல்லாத பொருள் ஒன்றைக் கற்றேன்.

1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபின், சிறு போக்குவரத்துத் தொழிலரும் முன்னுரிமைக் கடன் பெறுவோர் வரிசையில் சேர்க்கப்பட்டனர். எனினும் வங்கிப் படி ஏறிய ஓட்டுநர்கள் குறைவு. பழைய லாரிக்கு எவரும் எளிதில் கடன் தாராத காலம் அது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் சேலம், நாமக்கல், கரூர்ப் பகுதியின் உள்ளூர்ப் பைனான்ஸ்காரர்களும், 1979இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ஸ்ரீராம் போன்ற நிறுவனங்களும் ஆவர். ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய வண்டியைப் பெரிய கம்பெனி கழித்துவிடும். அதுவரை அதை ஓட்டிய டிரைவரே கடனில் அதை வாங்கி முதலாளி ஆவார். அவர் கையில் தேய்ந்தபின் அது செங்கல் சூளைக்கோ மணலுக்கோ போகும். சாதியும் நிலமும் உறைந்து கிடந்த ஒரு வட்டாரத்தில், கிளீனராய்ச் சேர்ந்த பையன் ஒருவன் பதினைந்து ஆண்டில் வண்டிக்குச் சொந்தக்காரன் ஆகக்கூடிய ஏணி இது என்பதையும் மறுக்கலாகாது. நம் இளங்கவிஞர் பறவை என்றது இந்த ஏற்றத்தைக் கண்டுதான் போலும்.

இனிச் சிட்டைக்கு வருவோம். என்னிடம் உள்ள சான்றுகளுள் இதுவே சிறந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு தாள். தந்தையார் வழியில் பென்சிலால் குறித்து வருவதை ஐந்தாம் வகுப்புப் படித்த அம்மா மையால் எழுதிக் கூட்டுவார். 1984ஆம் ஆண்டுத் தாள் ஒன்று என் முன் உள்ளது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி விஜயவாடாவில் இறக்கி, குண்டூரில் மிளகாய் ஏற்றித் திரும்பிய நடை. வரவுப் பக்கத்தில் இரண்டே வரிகள்: போன வாடகை, வந்த வாடகை. செலவுப் பக்கம் நீளமானது. டீசல், ஆயில், பஞ்சர், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, புரோக்கர் கமிஷன், கிளீனர் பேட்டா, டயர் ரீட்ரெட், சாப்பாடு. கடைசியில் "இதர" என்றொரு வரி. அந்த இதரவுக்குள் எத்தனை சோதனைச் சாவடிகள், எத்தனை நீட்டிய கைகள் அடங்கியுள்ளன என்பதைத் தமிழ்நாட்டு வரலாற்றாசிரியர் எவரும் இன்னும் எழுதவில்லை.

விஜயவாடாவுக்கு இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தவர், குண்டூரில் திரும்பும் சரக்குக்காக ஐந்து நாள் காத்திருந்திருக்கிறார். புரோக்கர் ஆபீஸ் வாசலில் வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, வரிசை எப்போது வரும் என்று நோக்கியிருப்பது. வெறும் வண்டியாய்த் திரும்பினால் டீசல் கைக்காசு; காத்திருந்தால் தவணைத் தேதி நெருங்கும். முடிவில் எந்த வாடகை கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு வருவார். மழைக்குக் காத்திருந்த அதே முகத்தோடு சரக்குக்குக் காத்திருந்தார் என்று அம்மா சொல்வார். இதற்கு மேல் நல்ல ஆய்வுரையை நான் படித்ததில்லை.

அச்செலவுப் பட்டியலைப் பலமுறை பார்த்தபின்தான் அதில் இல்லாத வரி என் கண்ணில் பட்டது. கிளீனருக்குப் பேட்டா உண்டு. டிரைவருக்குச் சம்பளம் இல்லை. டிரைவர் தந்தையாரே அன்றோ! ஒன்பது நாள் இரவும் பகலும் ஓட்டியவர் தம் உழைப்பைச் செலவாக எழுதவில்லை. எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. கணக்கு எழுதிய அம்மாவுக்கும் கூலி இல்லை. காட்டில் களை எடுத்த வீட்டாளுக்கு எவர் கூலி கணக்கிட்டார்? ஏரோடு வந்த வழக்கம் ஸ்டியரிங்கிலும் தொடர்ந்தது. வண்டி தேய்வதற்கும் ஒரு வரி கிடையாது. தாளின் அடியில் அம்மா "லாபம்" என்று எழுதிக் கோடிட்ட தொகை, உண்மையில் தந்தையாரின் கூலியில் ஒரு பகுதி, அவ்வளவே.

ஒற்றை லாரிக்காரர்கள் ஏன் அழியாமல் நின்றனர் என்பதற்கும், வாடகை ஏன் உயரவே இல்லை என்பதற்கும் விடை இந்த எழுதாத வரியில்தான் உள்ளது. சம்பளமும் தேய்மானமும் கணக்கிடும் கம்பெனி ஏற்க முடியாத வாடகையைத் தம் கூலியைக் கணக்கிடாதவர் ஏற்பார். அவர் ஏற்றதால் அதுவே சந்தை விலை ஆகும். நாம் உண்ட மலிவு மிளகாயில் என் தந்தையாரின் ஐந்து இரவுகள் இருந்தன.

பர்மிட்டுக்கு மீள்வோம். 1975இல் தேசிய பர்மிட் வந்தது. தாய்மாநிலத்தோடு வேறு மாநிலங்களிலும் ஓடலாம். ஆனால் மாநிலத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வரையறை இருந்தது. எண்ணி வழங்கப்பட்ட காலத்தில் பர்மிட்டே நிலம் போல் ஒரு சொத்து. வண்டி விலை வேறு, பர்மிட் விலை வேறு. பின்னது எந்தத் தாளிலும் எழுதப்படாது. 1980இல் தந்தையார் வாங்கிய இரண்டாம் வண்டி தென்மண்டல பர்மிட்டோடு வந்தது. தங்கையின் கல்யாணத்துக்கு அது போதும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்து, கேட்டவர்க்கெல்லாம் சரக்கு வண்டி பர்மிட் எளிதாயிற்று. புதியவர்களுக்கு அது கதவு திறந்த நாள். ஓட்டுநராய் இருந்த பலர் அவ்வழியே முதலாளி ஆயினர். எரிவாயு டேங்கர்களும் ட்ரெய்லர்களும் பெருகி, நாமக்கல்லின் பெயர் இந்தியா எங்கும் பரவியது. அச்சட்டத்தை நான் குறை கூற மாட்டேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த தாள் மட்டும் வெறும் தாள் ஆயிற்று.

பின்வந்தவற்றை விரைந்து சொல்லலாம். அதிகப் பளு ஏற்றியே வாடகைக் குறையை ஈடுகட்டி வந்தவர்களை 2005இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தடுத்தது. 2010இல் நாடு முழுமைக்கும் ஒரே கட்டணத்தில் தேசிய பர்மிட். அன்று ஆண்டுக்கு 15,000 ரூபாய். முதியவர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் நேரான விடை கிடைத்தது எனலாம். 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்து ஓசூர் ஜூஜூவாடி முதலிய வரிச் சாவடிகளின் நெடு வரிசைகள் மறைந்தன. சுங்கச் சாவடிகள் மறையவில்லை. அதே ஆண்டு ஜூன் முதல் டீசல் விலை நாள்தோறும் மாறலாயிற்று. பேசிய வாடகையோ போய்ச் சேரும்வரை மாறாது. 2018 ஜூலையில் அச்சுப்பளு வரம்பை அரசே உயர்த்தியபோது, சரக்கு அதே அளவில் இருக்க லாரிகளின் கொள்ளளவு ஒரே நாளில் கூடியது. அம்மாதம் நாடளாவிய வேலைநிறுத்தம் எட்டு நாள் நடந்தது. இவற்றையெல்லாம் நூறு வண்டி வைத்திருப்பவர் தாங்குவார். ஒரு வண்டிக்காரருக்குத் தாங்கும் வழி இன்றும் பழைய வழிதான்: தம் கூலியைச் சிட்டையில் எழுதாதிருப்பது.

தந்தையார் 1990இல் வண்டியை விற்றார். வாங்க வந்தவர் செங்கல் சூளைக்காரர். டயரைத் தட்டிப் பார்த்து, எஞ்சின் ஒலியைக் கேட்டு, ஒரு விலை சொன்னார். தந்தையார் தயங்கி, "பர்மிட்டுக்குனு தனியா ஏதாச்சுமுங்?" என்று கேட்டார். "அது இப்ப ஆபீஸ்லயே குடுக்கறாங்களேங்க" என்றார் வந்தவர். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வந்தவர், தமக்குப் பயன்படாது என்று சொல்லி, வண்டியின் நெற்றியில் இருந்த 'பப்ளிக் கேரியர்' என்ற பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் தானியக் குதிருக்கு மூடியாய்ப் போட்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது, எழுத்துகள் உட்புறமாய்.