தயா சோமசுந்தரம்

இலங்கைத் தமிழ் உளமருத்துவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர். யாழ்ப்பாணம், தெல்லிப்பழை வைத்தியசாலைகளில் நோயாளரைப் பார்த்தபடியே, உள்நாட்டுப் போர் ஒரு சமூகத்தின் மனத்தை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். பின்னாளில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

பல்கலைக்கழகச் சக ஆசிரியர்களான ராஜினி திராணகம, ராஜன் ஹூல், கே. சிறீதரன் ஆகியோருடன் அந்தப் போரைப் பற்றி எழுதிய 'முறிந்த பனை' 1990இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே, 1989 செப்டெம்பர் 21இல், ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்த காலம் அது.

சிவயோகன் என்பவருடன் சேர்ந்து 1994இல் பிரித்தானிய உளமருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆராயப்பட்ட பொதுமக்களில் 64 சதவீதத்தினரிடம் போரின் உளத்தாக்கம் தெரிந்தது. மேலைநாட்டார் தேடும் 'நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு' 27 சதவீதம்தான். தலையிடி, நெஞ்சு நோ என உடம்பில் வெளிப்பட்ட துயரமோ 41 சதவீதம். மனம் சரியில்லை என்று சொல்லி வைத்தியரிடம் போகும் வழக்கம் நம் ஊர்களில் எப்போது இருந்தது? பெருமூச்சு விடுவோம், அவ்வளவுதான்.

சிகிச்சையிலும் இந்த ஊர் வழக்கத்தையே அவர் மனத்தில் கொண்டார். இந்துக்களுக்கு ஜெபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்னும் இறைதுதி, பௌத்தருக்கு மூச்சுத் தியானம் என, அவரவர் வீட்டில் ஏற்கெனவே இருந்ததையே மனத்தளர்வுப் பயிற்சியாக்கினார். நான்கு சமயத்தாரும் வாழும் திருகோணமலை போன்ற துறைமுக மாவட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தும்.

1998இல் போரின் உளத்தாக்கம் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார். 2007இல் வெளியான கட்டுரையில், காயம் தனியாளின் தலைக்குள் மட்டும் இல்லை, உறவுகளுக்கு இடையிலும் இருக்கிறது என்றார். ஒருவரையொருவர் நம்பாமை, வாய்மூடி இருத்தல், நிவாரணத்தை எதிர்பார்த்தே வாழ்தல் ஆகியவற்றை இந்தக் 'கூட்டு மனவடு'வின் அடையாளங்களாகக் கண்டார். 2014ஆம் ஆண்டு நூலில் இயற்கைப் பேரழிவையும் மனிதர் விளைத்த அழிவையும் சேர்த்தே ஆராய்ந்தார்.

திருகோணமலைக் கரை இந்த இருவகை அழிவையும் பார்த்தது. 2004 டிசெம்பர் 26இல், ஆழிப்பேரலையின்போது, அங்குள்ள கிண்ணியா வைத்தியசாலைக்குள்ளேயே கடல் புகுந்தது. ஊரே கூடி வெளிப்படையாக அழுதது, வெளியிலிருந்து உதவியும் வந்தது. 2006 ஓகஸ்டில் இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே அதே மாவட்டத்து மூதூரில் நடந்த சண்டைக்கு அஞ்சி ஓடியவர்களோ, யார் சுட்டது என்பதைக்கூடத் தணிந்த குரலில்தான் சொல்ல வேண்டியிருந்தது.