காசியாஸும் வால்டெஸும்: ஒரே காலம், இரண்டு காவல்கள்

ஸ்பெயின் தேசிய அணிக்காக இக்கர் காசியாஸ் 167 ஆட்டங்கள் ஆடினார். விக்டர் வால்டெஸ் 20 ஆட்டங்கள்தான். ஸ்பெயின் கால்பந்து லீகில் சராசரியாக மிகக் குறைவான கோல் விட்ட கோல்கீப்பருக்குத் தரப்படும் சமோரா விருதை வால்டெஸ் 5 முறை வென்றார். காசியாஸுக்கு அது கிடைத்தது ஒரே முறை. எட்டு மாத இடைவெளியில் பிறந்து, ஒரே காலகட்டத்தில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்ற இரு பெரும் எதிரணிகளின் வலையைக் காத்தவர்கள் இவர்கள். இரண்டு கணக்கும் எதிரெதிர்த் தீர்ப்பைச் சொல்கின்றன. இருவரும் பார்த்த வேலை ஒன்றுதானா என்று முதலில் கேட்டால்தான் இந்த முரண் விளங்கும்.

இருவரும் தத்தம் கிளப்பிலேயே வளர்ந்தவர்கள். மாட்ரிட்டை ஒட்டிய மோஸ்தோலஸைச் சேர்ந்த காசியாஸ் 1990-ல் ரியல் மாட்ரிட்டின் சிறுவர் அணியில் சேர்ந்தார். 1999 செப்டம்பரில் பில்பாவோவில் முதல் லீக் ஆட்டம். அடுத்த மே மாதம், 19 வயது நிறைந்த நான்காம் நாள், வாலென்சியாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் நின்று கோப்பையை வென்றார்.

பார்சிலோனாவை ஒட்டிய லோஸ்பிதாலெட்டில் பிறந்த வால்டெஸ், பத்து வயதில், 1992-ல் லா மாசியா பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். சக வீரர் காலால் வேண்டுமென்றே தள்ளித் தரும் பந்தை கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அந்த விதி கோல்கீப்பரின் கால்களுக்கும் வேலை வைத்தது. பந்தைத் தன்வசம் வைத்து ஆடும் பார்சிலோனாவில் அந்த வேலை இன்னும் கூடுதல். வால்டெஸ் 2002 ஆகஸ்டில் முதல் அணிக்கு ஆடத் தொடங்கினார்.

காசியாஸ் நின்ற இடம் வேறு. ஜிதான், பீகோ, ரொனால்டோ, பெக்காம் என்று முன்களம் நிறைந்த அந்த மாட்ரிட் அணியில் பின்களத்துக்குப் பாதுகாப்புக் குறைவு. 2003-ல் மக்கலேலேவைச் செல்சிக்கு விட்டுக்கொடுத்த பிறகு நடுக்களத்தில் தடுப்பவர் இல்லாமல் போனது. எதிரணி வீரர்கள் நேரே கோல் வரை வந்தார்கள். காசியாஸ் கோட்டருகே நின்றே அவர்களைச் சந்தித்தார். ஒரு கோல்கீப்பர் என்ற அளவில் பெரிய உயரம் இல்லாத அவருக்கு, பக்கவாட்டிலிருந்து வரும் உயரப் பந்துகளில் தடுமாற்றம் இருந்ததும் உண்மை. ஆனால் ஆறடி தூரத்திலிருந்து அடிக்கும் பந்தைத் தடுப்பதில் அவருக்கு இணையாக அக்காலத்தில் வெகு சிலரே இருந்தார்கள்.

2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் 62-வது நிமிடம், இரு அணிக்கும் கோல் இல்லை. எதிரணியின் ஸ்னைடர் தள்ளிய பந்து ஸ்பெயின் பின்களத்தைப் பிளந்துகொண்டு போக, ராபன் தனியாக ஓடி வருகிறார். காசியாஸ் முன்னேறுகிறார். ராபன் அடித்த நொடியில் காசியாஸின் உடல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் வலது காலை விடாமல் நீட்டி வைத்திருந்தார். பந்து அந்தக் காலில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. 116-வது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியெஸ்டா கோல் அடித்தார். கேப்டன் காசியாஸ் கோப்பையைத் தூக்கினார்.

வால்டெஸின் சோதனை வேறு வகை. பார்சிலோனாவின் பின்கள வீரர்கள் மைதானத்தின் நடுக்கோடு வரை ஏறி நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் முழுவதும் கோல்கீப்பரின் பொறுப்பு. அரை மணி நேரம் பந்தே வராது. வந்தால், தனியாக ஓடிவரும் முன்கள வீரரோடு வரும். 2006-ல் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ஆர்சனலின் ஆன்ரி அப்படித்தான் வந்தார். ஆட்டத் தொடக்கத்திலும், ஆர்சனல் 1-0 என்று முன்னிலையில் இருந்த இரண்டாம் பாதியிலும் அவரை வால்டெஸ் தடுத்தார். அதன் பிறகே எத்தோவும் பெல்லெட்டியும் கோல் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

அவருடைய மன உறுதியை அறிய 2011 டிசம்பர் 10-ஐப் பார்க்க வேண்டும். மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் ஆட்டம் தொடங்கி முதல் நிமிடம்கூட முடியவில்லை. வால்டெஸ் காலால் கொடுத்த பந்து எதிரணியிடம் போய்ச் சேர, பென்சிமா கோலாக்கினார். அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. வேறொருவராக இருந்தால் அதன் பிறகு பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூர அடித்திருப்பார். வால்டெஸ் அடுத்த பந்தையும் பக்கத்திலிருந்த வீரருக்கே கொடுத்தார், அதற்கடுத்ததையும் அப்படியே. பார்சிலோனா 3-1 என வென்றது.

இப்போது கணக்குக்கு வருவோம். சமோரா விருதில் பின்களத்துக்கும் பங்கு உண்டு. பந்தை எதிரணிக்கே தராத பார்சிலோனாவில் கோல் குறைவதில் வியப்பில்லை. ஆகவே ஐந்துக்கு ஒன்று என்பதை வைத்து வால்டெஸே உயர்ந்தவர் என்று சொல்ல முடியாது. அதேபோல 167-க்கு 20 என்பதும் திறமையின் விகிதம் ஆகாது. தேசிய அணியில் இடம் ஒன்றுதான். அதில் காசியாஸ் அமர்ந்துவிட்டார். 2010 உலகக் கோப்பையிலும் 2012 யூரோவிலும் வால்டெஸ் அணியில் இருந்தும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. காசியாஸ் கை முறிந்து விலகியிருந்த 2013 மார்ச் 26 அன்று, பிரான்சுக்கு எதிரான தகுதிச்சுற்றில் வால்டெஸ் நின்றார். முக்கியமான தடுப்புகளால் 1-0 வெற்றியைக் காத்தார். சரியாக ஓராண்டு கழித்து, அதே மார்ச் 26 அன்று, செல்டா விகோவுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது.

முடிவு இருவருக்குமே கசப்பாகவே அமைந்தது. பயிற்சியாளர் மொரீன்யோ 2012 டிசம்பரில் காசியாஸை வெளியே உட்காரவைத்தார். 2014-ல் அவருக்கு மூன்றாம் சாம்பியன்ஸ் லீக் கோப்பை கிடைத்தது. 725 ஆட்டங்களுக்குப் பின், 2015-ல் பத்திரிகையாளர் முன் தனியாக அமர்ந்து, கண்ணீரோடு விடைபெற்று போர்ட்டோவுக்குப் போனார். 2019 மே மாதம் பயிற்சியின்போது மாரடைப்பு, 2020-ல் ஓய்வு. வால்டெஸ் 535 ஆட்டங்களோடு பார்சிலோனாவை விட்டு மான்செஸ்டர் யுனைடெட், ஸ்டாண்டர்ட் லியேஜ், மிடில்ஸ்பரோ என்று அலைந்து 2017-ல் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

என் தீர்ப்பு இது. தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டத்தில் வலையைக் காக்க ஒருவரைக் கேட்டால் காசியாஸைத்தான் சொல்வேன். ஆனால் கோல்கீப்பர் என்ற வேலையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் வால்டெஸின் பங்கே பெரிது. பின்னாலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் கோல்கீப்பரைத்தான் இன்று பெரிய கிளப்புகள் தேடுகின்றன. 167-ஐப் பார்த்து ஒருவரைப் போற்றும் ரசிகர்கள், 20-ஐப் பார்த்து மற்றவரை இரண்டாம் தரமாக எண்ண வேண்டாம். ஒரு கோல்கீப்பரை எடைபோடும் முன், அவருடைய பின்கள வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.