வீட்டுக் கணினியில் வீடியோ ஏற்றுமதி விரைவடைந்த வரலாறு

1995இல் சிறு டிஜிட்டல் நாடாவில் பதிவுசெய்யும் கேமராக்களும், அவற்றைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் என்னும் இணைப்புத் தரமும் வந்தபின், ஸ்டூடியோக்களுக்கே உரியதாயிருந்த வீடியோ எடிட்டிங் மெல்ல வீட்டுக்குள் நுழைந்தது. 1999இல் ஆப்பிளின் ஐமூவியும் 2000இல் மைக்ரோசாஃப்டின் மூவி மேக்கரும் அதைப் பரவலாக்கின. காட்சிகளை வெட்டி அடுக்குவது எளிதாகிவிட்டபோதிலும், முடித்த படத்தைக் கோப்பாக வெளியேற்றும் கட்டத்தில் கணினி மணிக்கணக்கில் திணறியது. அக்கட்டத்தில் இரு வேலைகள் அடங்கியுள்ளன: எழுத்து, நிறத்திருத்தம் முதலியவற்றைச் சேர்த்து ஒவ்வொரு ஃபிரேமையும் கணித்து உருவாக்குவது ரெண்டரிங், உருவானதைச் சுருக்கி எழுதுவது குறியாக்கம். டிவிடிக்கான எம்பெக்-2 போன்ற வடிவங்களில் பெருஞ்சுமையாக நின்றது இரண்டாவதேயாகும்.

அதன் காரணம் அசைவுத் தேடல். அடுத்தடுத்த ஃபிரேம்கள் பெரும்பாலும் ஒத்திருப்பதால், படத்தை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்தைய ஃபிரேமில் எங்கிருந்து நகர்ந்து வந்தது என்று கண்டுபிடித்து, அந்த நகர்வையும் எஞ்சும் சிறு வேறுபாட்டையும் மட்டும் எழுதினால் கோப்பு வெகுவாகச் சுருங்கும். இந்தியாவில் வழங்கிய பிஏஎல் தொலைக்காட்சி முறையின் 720க்கு 576 ஃபிரேமில் 1,620 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் எல்லாத் திசைகளிலும் 7 பிக்சல் தூரம்வரை தேடினால் 225 இடங்களில் ஒப்பிட வேண்டும். ஒவ்வோர் ஒப்பீட்டிலும் 256 கழித்தல்கள். ஆக ஒரு ஃபிரேமுக்கு 9 கோடிக்கு மேல், 25 ஃபிரேம் கொண்ட ஒரு நொடிக்கு ஏறத்தாழ 233 கோடிக் கழித்தல்கள் தேவைப்பட்டன. நொடிக்கு 50 கோடித் துடிப்புகளே கொண்ட அன்றைய பிராசசருக்கு இது தாங்காத பாரம்.

இப்பாரத்தைக் குறைக்கும் வழி வீட்டு எடிட்டிங் பிறக்குமுன்பே தோன்றியிருந்தது. காணொளிக் கூட்டங்களுக்காகக் கோகாவும் உடன் ஆய்வாளர்களும் 1981இல் முன்வைத்த மூன்று படித் தேடல், முதலில் அகன்ற இடைவெளியில் 9 இடங்களைப் பார்த்து, சிறந்ததைச் சுற்றி மேலும் இருமுறை நெருங்கித் தேடி, 225 ஒப்பீடுகளை 25ஆகக் குறைத்தது. 1999இல் இன்டெலின் பென்டியம் 3 பிராசசர், எட்டு இணைப் பிக்சல்களின் வேறுபாடுகளை ஒருசேரக் கண்டு கூட்டும் பிஎஸ்ஏடிபிடபிள்யூ என்னும் தனிக் கட்டளையைக் கொணர்ந்தது. 256 கழித்தல்கள் 32 கட்டளைகளில் அடங்கின. சிப் வரலாற்றில் போதிய புகழ் பெறாத பெருஞ்சாதனை இக்கட்டளையென்றே கொள்ளத்தக்கது.

2003இல் வெளிவந்த எச்.264 தரம், கட்டங்களை 4க்கு 4 பிக்சல்வரை நறுக்கவும் கால் பிக்சல் நுட்பத்தில் தேடவும் இடமளித்ததால், பெற்ற விரைவை மீண்டும் விழுங்கியது. 2005 முதல் வந்த இரட்டை மையப் பிராசசர்கள் ஓரளவு ஈடுகொடுத்தன. 2011இல் இன்டெல் தன் பிராசசருக்குள் அமைத்த குயிக் சிங்க், 2012இல் என்விடியா கிராபிக்ஸ் கார்டில் வந்த என்வென்க் ஆகிய, குறியாக்கத்துக்கென்றே அமைந்த மின்சுற்றுகளே காத்திருப்பைப் பெருமளவு ஒழித்தன. எனினும் அவை விரைவுக்காகத் தேடலைச் சுருக்குபவை. ஒரே கோப்பளவில், நிதானமாகத் தேட விடப்பட்ட எக்ஸ்264 மென்பொருள் பொதுவாகத் தெளிவான படம் தருகிறது. உடனே அனுப்ப வேண்டிய படத்துக்கு மின்சுற்றும், காலங்காலமாகப் பேண வேண்டிய குடும்பப் பதிவுக்கு மென்பொருளின் மெதுவான தேடலுமே ஏற்றவை.