ஷட்டர் கவுண்டும் எங்கட ஊர் அல்பங்களும்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் நம்மட ஆக்கள் முதலில் மீட்டரைத்தான் பார்ப்பார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. பழைய கமராவுக்கும் அப்படியொரு மீட்டர் இருக்கிறது. அதன் பெயர் ஷட்டர் கவுண்ட்: கமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்ற கணக்கு.

கலைப்பீடத்தில் படிக்கும் நாங்கள் ஐந்து பேர் காசு சேர்த்து ஒரு மிரர்லெஸ் கமரா வாங்க நினைத்தோம். மருதமுனைக் கைத்தறிகளையும், ஊர் வீடுகளில் கிடக்கும் பழைய உறுதிகளையும் போட்டோக்களையும் படம் பிடித்து வைப்பதுதான் திட்டம். புதுசு வாங்க ஏலாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது; கமரா விலை அதுக்குப் பிறகு எங்கட கைக்கு எட்டவே இல்லை. கடைசியில், கல்முனைப் பக்கம் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுக்கும் ஒரு காக்காவிடம் சோனி ஏ6000 ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம்.

"ஒண்டும் யோசிக்காதீங்க தம்பி, நாலாயிரம் போட்டோதான் எடுத்திரிக்கி" என்றார். கடைசிப் படத்தின் பெயரையும் காட்டினார்: டி.எஸ்.சி. 04312. நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். ஆனால் ஐந்து பேரின் காசு. கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் இந்த எண்ணிக்கைக்கே ஒரு வரலாறு இருப்பது விளங்கியது.

1839இல் டகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது கமராவுக்கு ஷட்டரே தேவைப்படவில்லை. படம் பதிய நிமிடக்கணக்கில் நேரம் எடுத்தது. லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, நேரம் பார்த்து, திரும்ப மூடினால் சரி. பதியும் வேகம் கூடக்கூட மனிசன்ட கை போதாமல் போனது. 1878இல் ஓடும் குதிரையைப் பிடிக்க மைபிரிட்ஜுக்கு மிக வேகமான ஷட்டர்கள் வேண்டியிருந்தன. 1888இல் வந்த முதல் கொடக் கமராவுக்குள் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. முடிந்தால் கமராவையே கம்பனிக்கு அனுப்ப வேண்டும். 1925இல் லைக்கா சந்தைக்கு வந்த பிறகு 36 படம் என்ற கணக்கு நிலைத்தது. ஆனால் அந்தக் கமராக்களின் எண்வட்டம் ஒரு ரோலுக்கு மட்டும்தான். புது ரோல் போட்டால் திரும்ப முதலிலிருந்து. கமரா தன் ஆயுளில் எத்தனை படம் எடுத்தது என்பது அதற்கே தெரியாது.

டிஜிட்டல் கமராதான் அதை ஞாபகம் வைக்கத் தொடங்கியது. 1995இல் ஜப்பானில் எக்ஸிஃப் என்ற ஒழுங்குமுறை வந்தது. திகதி, லென்ஸ், ஒளியின் அளவு எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டன. கம்பனிகள் தங்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் இன்னும் பல விபரங்களை எழுதின. பல கமராக்களில் ஷட்டர் கவுண்ட் ஒளிந்திருப்பது அங்கேதான். 2008இல் பனசோனிக் ஜி1உடன் மிரர்லெஸ் காலம் தொடங்கியது. கண்ணாடி போனது, ஆனால் பெரும்பாலான கமராக்களில் ஷட்டர் திரை அப்படியே இருக்கிறது. அது தேயும் பொருள். சோனி ஏ7 III போன்ற கமராக்களுக்கு 2 இலட்சம் தடவை என்று கம்பனியே ஒரு கணக்குச் சொல்கிறது.

இப்போது டி.எஸ்.சி. 04312க்கு வருவோம். கோப்பின் பெயர் 9999 வரைக்கும்தான் போகும். அதுக்குப் பிறகு திரும்ப 0001. ஆக, அந்தப் பெயர் எதற்கும் சாட்சியில்லை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவிலும் உள்விபரங்கள் கழன்றுவிடும். எனவே லெப்டொப்போடு திரும்பப் போனோம். அவர் முன்னாலேயே ஒரு படம் எடுத்து, மெமரி கார்டிலிருந்து நேரே இறக்கி, பில் ஹார்வி என்பவர் உருவாக்கி இலவசமாகத் தரும் எக்ஸிஃப்டூலில் திறந்தோம். 64 ஆயிரத்துச் சொச்சம். கோப்பு எண் ஆறு தடவை சுற்றி வந்திருக்கிறது.

காக்கா எங்களைவிடக் கூடுதலாகத் திகைத்துப் போனார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அவ்வளவு கல்யாணமா எடுத்திரிக்கன்?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார்.

எங்களில் ஒருவர் கேட்டார்: "அந்தப் போட்டோவெல்லாம் இப்ப எங்க காக்கா?"

"ஹார்ட் டிஸ்க் விழுந்து பழுதாப் போச்சு தம்பி. அதுக்குள்ளதான் எல்லாம் கிடந்த."

எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. படங்கள் இல்லை.

எங்கட கரைக்கு இது புது விசயமில்லை. 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வந்தபோது சாதாரண வீட்டு ஆக்களும் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு வளைகுடாப் பயணம், பாஸ்போட் படம். அல்பங்கள் நிறைந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடலோர வீடுகளோடு அல்பங்களும் போயின. எங்களில் சிலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஒருவரின் வீட்டில் வாப்பாட உம்மாவின் முகம் இருப்பது ஒரேயொரு படத்தில். அதுவும் தப்பியது, எப்போதோ கண்டியில் இருக்கும் சாச்சிக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்ததால்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் படத்தைக் காப்பாற்றியது நல்ல கமரா இல்லை. இன்னொரு ஊரில் கிடந்த இன்னொரு பிரதி. கடிதத்தோடு ஒரு போட்டோவும் வைத்து சவூதிக்கும் கொழும்புக்கும் அனுப்பிய உம்மாமார் தங்களுக்கே தெரியாமல் செய்த ஆவணக் காப்பு அது. நாங்களோ ஆயிரக்கணக்கில் எடுத்து ஒரே டிஸ்க்கில் குவித்து வைக்கிறோம்.

கமராவை வாங்கினோம், காக்காவே விலையைக் குறைத்துத் தந்தார். 64 ஆயிரம் என்பது அந்தக் கமராவுக்குச் சாவு இல்லை. பழைய கமரா பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வீடியோ எடுத்த மணித்தியாலங்களும், இலத்திரனியல் ஷட்டரில் எடுத்த படங்களும் பல கமராக்களில் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. லென்ஸ் பூட்டும் இடம், சென்சர், பொத்தான்கள், பற்றரி எல்லாவற்றையும் பாருங்கள்.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி. அதில் ஒன்று கடலுக்குத் தூரமான ஊரில். மருதமுனையில் தறிக்காரர் வீட்டில் எடுத்த முதல் படத்தை பிரிண்ட் போட்டு அவர்களுக்கே கொடுத்தோம். இரண்டாவது பிரிண்டை கண்டிச் சாச்சிக்கு அனுப்பியிருக்கிறோம். அவவுக்கு அந்த வீட்டாரை யாரென்றே தெரியாது. "பரவாயில்ல, அல்பத்தில வெச்சிரிக்கன்" என்றா.